அறுநூறு சாவியும் ஒரு தூக்கமும்

பள்ளிக்கூடம் கோடை லீவு விட்ட அன்று மூன்று பிள்ளைகளின் பையிலும் ஆளுக்கொரு அச்சடித்த காகிதம் இருந்தது. விடுமுறையைப் பயனுள்ள முறையில் கழிக்கப் பெற்றோருக்குப் பத்து யோசனைகள். நீச்சல் பழக்குங்கள். குதிரையேற்றம் கற்றுக்கொடுங்கள். மலைப்பக்கம் அழைத்துச் செல்லுங்கள். இசைக்கருவி ஒன்று வாங்கிக் கொடுங்கள். பத்தாவது யோசனை மட்டும் இலவசம்: குழந்தைகளுடன் மனம் விட்டுப் பேசுங்கள். பிள்ளைகளின் அப்பா, மாற்றுச் சாவி வெட்டித் தரும் சாவிக்காரர், அதை நின்றபடியே படித்து முடித்தார். எழுதினவர் வீட்டில் பிள்ளைகுட்டி கிடையாது என்பது அந்தப் பத்தாவதிலேயே தெரிந்துபோயிற்று.

மூன்று காகிதத்தையும் சேர்த்து மடித்து, ஆடிக்கொண்டிருந்த மேஜைக் காலுக்கு அண்டக் கொடுத்தார். ஆட்டம் நின்றது. பள்ளிக்கூடத்தால் அந்த வருஷம் வீட்டுக்குக் கிடைத்த உருப்படியான உதவி அது ஒன்றுதான்.

அவருக்கு இருந்த கவலை பயனுள்ள முறையைப் பற்றியதல்ல. அவர் மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஏழு மாதமாக நைட் டியூட்டி. காலை எட்டு மணிக்கு வந்து, ஒரு டம்ளர் தண்ணீரைக் குடித்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தால் மதியம் மூன்று வரைக்கும் தூங்கியாக வேண்டும். வீடு என்று சொல்லிக்கொள்வது ஒரு அறை, அப்புறம் அறையாக ஆரம்பித்து மனசு மாறிப்போன மாதிரி ஒரு சமையலறை. அரையாண்டு லீவில் பத்து நாள் பிள்ளைகள் அந்த அறையில்தான் இருந்தார்கள். அம்மா தூங்குகிறாள் என்று குசுகுசுவென்றுதான் பேசிக்கொண்டார்கள். மூன்று பேர் சேர்ந்து குசுகுசுத்தால் ரைஸ்மில் எவ்வளவோ தேவலை. பதினோராம் நாள் அவள் தெர்மாமீட்டரைக் கையில் பிடித்தபடியே நாற்காலியில் கண்ணயர்ந்துவிட்டாள். காய்ச்சல்காரர் எழுந்து வந்து தட்டி எழுப்பியிருந்தால்கூடப் பரவாயில்லை. எழுப்பியது மேட்ரன்.

மெமோ கொடுத்தார்கள். இன்னொரு தடவை நடந்தால் வேலை நிரந்தரமாகும் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்களாம். அந்தப் பட்டியலில் ஏற அவளுக்கு ஆறு வருஷம் ஆகியிருந்தது.

"நாப்பத்தஞ்சு நாள்," என்றாள் அவள். "இதுங்கள எங்கயாவது கூட்டிட்டுப் போங்க. எங்கன்னு எனக்குத் தெரியாது. எனக்குத் தூக்கம் வேணும்."

"நான் பாத்துக்கறேன்."

"எப்படின்னு சொல்லிட்டுப் பாத்துக்கங்க."

எப்படி என்று அவருக்கும் தெரியாது. தெரியாத விஷயத்தை அழுத்திச் சொல்வதுதான் குடும்பத் தலைவன் வேலை என்று அவர் நினைத்திருந்தார். அதனால் இன்னும் கொஞ்சம் அழுத்தி, "பாத்துக்கறேன்னு சொல்றேன்ல," என்றார்.

பிள்ளைகள் மூன்றும் மூன்று விதம். பெரியவளுக்குப் பதினொரு வயது. வீட்டில் டீச்சர் என்று பெயர். உப்பு டப்பாவுக்குப் பக்கத்தில்தான் சர்க்கரை டப்பா இருக்க வேண்டும் என்று சட்டம் போட்டவள் அவள். அடுத்தவன் ரேடியோ. ஒன்பது வயது. நிறுத்துகிற பட்டன் வைக்காமல் பிறந்துவிட்டான். கடைசிக்கு ஆறு வயது, உண்டியல் என்று பெயர். பேச்சு கம்மி. தெருவில் கிடக்கும் ஆணி, மூடி, பேனா முனை எதுவானாலும் கால்சட்டைப் பைக்குள் போட்டுக்கொள்வான். போட்டது வெளியே வந்ததாகச் சரித்திரம் இல்லை.

முதல் வாரம் இந்த மூன்று உருப்படியையும் கூட்டிக்கொண்டு காசில்லாமல் போகக்கூடிய இடமெல்லாம் போய்ப் பார்த்தார். பூங்காவை மாலை நாலு மணிக்குத்தான் திறந்தார்கள். உள்ளே போனால் ஊஞ்சலைச் சங்கிலி போட்டுக் கட்டி வைத்திருந்தார்கள். குழந்தைகள் ஆடி விழுந்துவிடக் கூடாதாம். ஊஞ்சலின் பாதுகாப்புக்கு அது ரொம்ப நல்ல ஏற்பாடு. நூலகத்தில் ரேடியோவின் வாயைப் பொத்திக்கொண்டு அரைமணி நேரம் உட்கார்ந்தார். கை வலித்தது. பெரிய துணிக்கடையில் ஏசி இருக்கிறது என்று இரண்டு நாள் சுற்றிச் சுற்றி வந்தார்கள். மூன்றாம் நாள் வாசல் காவலாளி மரியாதையாகக் கேட்டார்: "சார், இன்னைக்காவது ஒரு கர்சீப் எடுப்பீங்களா?"

வங்கிதான் கொஞ்சம் தாக்குப்பிடித்தது. டோக்கன் எடுத்துக்கொண்டு குளுகுளுவென்று உட்கார்ந்திருக்கலாம். நம்பர் வரும்போது எழுந்து வெளியே வந்துவிட்டு மறுபடி வேறு டோக்கன் எடுத்துக்கொள்ளலாம். நாலாவது டோக்கனுக்கு நம்பர் வந்தபோது அவர் கண்ணை மூடியிருந்தார். உண்டியல் போய்க் கவுண்டர் முன்னால் நின்றுவிட்டான்.

"என்ன தம்பி வேணும்?" என்று உள்ளே இருந்த அம்மா எட்டிப் பார்த்துக் கேட்டிருக்கிறாள்.

"ஒண்ணும் வேணாம். இங்க காத்து நல்லா வருது," என்றான்.

அதோடு வங்கியும் முடிந்தது.

எட்டாம் நாள் வேறு வழியில்லாமல் மூன்று பேரையும் கடைக்கே இழுத்துக்கொண்டு போனார். கடை என்றால் பழைய மூன்று மாடிக் கட்டடத்தின் மாடிப்படிக்குக் கீழே இருக்கிற தகரக் கூண்டு. சாவி வெட்டும் மெஷின் ஒன்று, அரம் நாலு, பூட்டுத் திறக்கும் கொக்கிக் கம்பிகள் ஒரு கொத்து. பக்கத்தில் டெய்லர். இரண்டு பேருக்கும் பதினைந்து வருஷப் பழக்கம் என்பதால் ஒருவருக்கொருவர் நல்ல வார்த்தை சொல்லிக்கொள்வது வழக்கமில்லை.

"என்ன, மூணு பேர வேலைக்கு வச்சுட்டீங்களா?" என்றார் டெய்லர்.

"ஆமா. பட்டன் சரியா தைக்கற ஆளு வேணும்னா சொல்லுங்க, சின்னவன அனுப்பறேன்."

அப்போதுதான் கூண்டின் மூலையில் கிடந்த சாக்கு அவர் கண்ணில் பட்டது. சாவி தொலைந்துபோன பூட்டுகள், நாற்பதுக்குக் குறையாது. ஆட்கள் திறந்து கொடுக்கச் சொல்லிக் கொண்டுவந்தவை. திறக்க முடியாமல் போய், வந்தவர்கள் "வச்சுக்குங்க" என்று விட்டுவிட்டுப் போனவை. அவர்கள் திரும்ப வரவேயில்லை என்றுதான் அவர் ஊரில் சொல்லி வைத்திருந்தார். அதற்குப் பக்கத்தில் ஒரு பெரிய பெயிண்ட் டின். அதில் அறுநூறு சாவி இருக்கும். பூட்டுத் தொலைந்த சாவி, அளவு தப்பிப்போனது, அரம் ஒரு இழுப்பு கூடப் போய்ப் பாழானது. பதினைந்து வருஷத் தப்பு அத்தனையும் டின்னுக்குள் பத்திரமாக இருந்தது.

சாக்கைக் கவிழ்த்தார். டின்னை நடுவில் வைத்தார்.

"இங்க பாருங்க. இந்தப் பூட்டுல எதுக்கு எந்தச் சாவின்னு கண்டுபிடிக்கணும். எது திறக்குதோ அந்தப் பூட்டு உங்களுக்கே சொந்தம். ஒரே சட்டம்தான். போட்டுப் பாத்த சாவிய மறுபடி டின்னுலயே போட்டுறணும். ஒரு சாவி வெளிய இருக்கக் கூடாது."

"எல்லாத்துக்கும் சாவி இருக்காப்பா?" என்றாள் டீச்சர்.

"தேடுனாத்தான தெரியும்," என்றார். அவருக்குத் தெரியும், ஒன்றுக்கும் இல்லை. நாற்பது பூட்டு, அறுநூறு சாவி. மனசுக்குள் பெருக்கிப் பார்த்தார். இருபத்து நாலாயிரம் தடவை. லீவுக்குத் தாராளமாகப் போதும், அரையாண்டுப் பரீட்சை வரைக்கும்கூட இழுக்கலாம். நீச்சல், குதிரை, மலை எல்லாம் ஒரு டின்னுக்குள் அடங்கிவிட்டதை நினைத்து அவருக்கே அவர் மேல் மரியாதை வந்தது.

அன்றிலிருந்து மாடிப்படிக்குக் கீழே 'டிக், டிக்' என்ற சத்தம்தான். ரேடியோகூட ஆச்சரியமாகப் பேச்சைக் குறைத்துக்கொண்டான். வாயால் எண்ணினால் எண்ணிக்கை விட்டுப்போகிறதாம். அவர்பாட்டுக்கு வேலை பார்த்தார். வீட்டில் அவர் மனைவி தூங்கினாள். தூங்கினாள் என்றால் முழுசாக இல்லை. பிள்ளைகளை அப்புறப்படுத்தியாயிற்று, தெருவை என்ன செய்வது? பதினோரு மணிக்குத் தண்ணீர் கேன்காரர் கதவைத் தட்டுவார். பன்னிரண்டு மணிக்குச் சோப்புத்தூள் விற்கிற பெண், "அக்கா, ஒரு நிமிஷம்," என்று வந்து பத்து நிமிஷம் நிற்பாள். கரண்ட் ரீடிங் எடுக்கிறவர், கூரியர் பையன், விலாசம் தப்பி வந்து விசாரிக்கிறவர்கள், வீட்டு ஓனர் சும்மா. ஒரு நாள் சாயங்காலம் பிள்ளைகள் முன்னாலேயே அவள் சொன்னாள்:

"கதவத் தட்டாத மனுஷங்க ஒரு ஊர்ல இருந்தா சொல்லுங்க, நான் அங்க மாத்தல் வாங்கிட்டுப் போயிடறேன்."

எல்லோரும் சிரித்தார்கள். உண்டியல் மட்டும் சிரிக்கவில்லை. யாரும் அதைக் கவனிக்கவும் இல்லை.

இருபதாம் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து தாக்கீது வந்தது. நிரந்தரப் பட்டியல் முடிவாகிறது, மெமோ சம்பந்தமாக நாளை மதியம் இரண்டு மணிக்கு மேட்ரனை நேரில் பார்க்கவும். அன்று இரவு டியூட்டிக்கும் போய்விட்டு, காலையில் வந்து நாலு மணி நேரம் தூங்கிவிட்டு, முகத்தில் தூக்கத்தின் சுவடே இல்லாமல் போய் நின்று, "எனக்குத் தூக்கம் வராது மேடம்" என்று சொல்ல வேண்டும். அதுதான் சோதனை.

"பன்னண்டரைக்கு அலாரம் வச்சுருக்கேன். அதுக்கு முன்னால ஒரு ஈ கூட என்ன எழுப்பக் கூடாது," என்று சொல்லிவிட்டு மறுநாள் காலை எட்டரைக்கே படுத்துவிட்டாள்.

அவர் பெரியவளையும் ரேடியோவையும் கூட்டிக்கொண்டு பூனை மாதிரி வெளியேறினார். உண்டியல் செருப்பு மாட்டிக்கொண்டு கடைசியாக வந்தான். கதவை அவன்தான் சாத்தினான்.

மதியம் ஒன்று அடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது அவர் போன் அடித்தது.

"ஏங்க, கதவ வெளிய பூட்டிட்டுப் போயிருக்கீங்களா?"

"நான் எதுக்குப் பூட்டறேன்?"

"ஜன்னல் வழியா பாக்கறேன், பூட்டு தொங்குது. மஞ்சள் கலர்ல, தேங்கா மூடி கணக்கா. ஒன்றரை பஸ்ஸ விட்டா நான் இரண்டு மணிக்குப் போய் நிக்க முடியாது. சீக்கிரம் வாங்க."

தேங்காய் மூடி கணக்காக மஞ்சள் பூட்டு. அப்படி ஒரு பூட்டு ஊரில் ஒன்றுதான். எட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு லாரி டிரைவர் கொண்டுவந்தது. இரண்டு நாள் மல்லுக்கட்டி, மூன்று கொக்கி முறிந்து, கடைசியில் டிரைவரே பரிதாபப்பட்டு, "நீங்களே வச்சுக்குங்க மாஸ்டர்," என்று விட்டுவிட்டுப் போனார். சாக்கில் மேலாக எடுத்துப் பார்த்தார். அது இல்லை.

திரும்பிப் பார்த்தார். உண்டியல் தலையைக் குனிந்துகொண்டான்.

"டேய், அந்தப் பூட்ட நீ எப்படிடா..."

"முந்தாநாளே திறந்துடுச்சுப்பா. சொன்னா அக்கா வாங்கிக்கும். அதான் பைல போட்டுக்கிட்டேன்."

"சாவி எங்கடா?"

"டின்னுலயே போட்டுட்டேன். நீங்கதான போடச் சொன்னீங்க? பூட்டறதுக்குச் சாவி வேணாம், அமுக்கினாப் போதும்."

பதினைந்து வருஷத் தொழிலில் அவரால் திறக்க முடியாத பூட்டை ஆறு வயதுப் பயல் திறந்திருக்கிறான் என்ற செய்தி முதலில் மனசில் ஏறவே இல்லை. ஏறினபோது ஏறாமலே இருந்திருக்கலாம் என்று பட்டது. கொக்கிக் கொத்து, ரம்பம், டின் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு ஓடினார். "கடைய நான் பாத்துக்கறேன்," என்று சொல்லவேண்டிய டெய்லர், கத்தரிக்கோலைப் போட்டுவிட்டு வேடிக்கை பார்க்கப் பின்னாலேயே வந்தார். ஆபத்துக்கு உதவாத மனுஷர் என்று அவரை யாரும் சொல்லிவிட முடியாது.

வீட்டு வாசலில் அதற்குள் ஏழெட்டுப் பேர். ஜன்னல் கம்பிக்குப் பின்னால் அவர் மனைவி, தலைவாரி, வெள்ளைச் சேலை மடிப்புக் கலையாமல், கைப்பை தோளில். ஜெயிலில் இருக்கிற மாதிரி இல்லை. ஜெயிலர் மாதிரி இருந்தாள்.

கொக்கியை விட்டுப் பார்த்தார். எட்டு வருஷத்தில் பூட்டின் குணம் மாறவில்லை. ரம்பத்தை வைத்து அறுத்தார். வளையத்தில் பல் பதியவே இல்லை, வழுக்கிக்கொண்டு போயிற்று. கதவுக் கொண்டியை அறுக்கலாம் என்றால், போன வருஷம் திருடனுக்குப் பயந்து அதை விரல் தடிமன் இரும்பில் மாற்றிப் பற்றவைத்தது அவரேதான். திருடன் வரவேயில்லை. வீட்டுக்காரிதான் மாட்டிக்கொண்டாள்.

"அண்ணே, நல்ல சாவிக்காரர் யாராவது தெரிஞ்சா கூப்பிடலாம்," என்றார் டெய்லர்.

"வாய மூடிட்டு நில்லுங்க. இல்ல, திறக்கறதா இருந்தா இந்தப் பூட்டத் திறங்க."

"மணி ஒண்ணு அஞ்சு," என்றது ஜன்னல்.

அவர் டின்னைக் கவிழ்த்து முதல் சாவியை எடுத்துச் செருகினார். சேரவில்லை. இரண்டாவது. மூன்றாவது. இருபத்து நாலாயிரம் என்று பெருக்கினபோது இருந்த சந்தோஷத்தை எவனோ அந்நியன் அனுபவித்த மாதிரி இருந்தது.

"அப்பா, தள்ளுங்க," என்றாள் டீச்சர். "இப்படி ஒவ்வொண்ணாப் போட்டா ராத்திரியாயிடும்."

"பின்ன எப்படி போடறதாம்?"

"நாங்க மூணாம் நாளே ஒவ்வொண்ணாப் போடறத விட்டுட்டோம். டேய், பிரி."

ரேடியோ தரையில் உட்கார்ந்து சாவிகளைச் சீட்டு மாதிரிப் பிரிக்க ஆரம்பித்தான். "பட்டை, பட்டை, உருண்டை, மூணு வெட்டு, அஞ்சு வெட்டு, இது சைக்கிள் பூட்டுது, இது எதுக்கும் ஆகாது..." அவர் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார். குவியல் ஐந்து நிமிஷத்தில் பாதியாக வற்றியது. ஒவ்வொரு சாவியின் தலையிலும் பென்சிலால் பொடியாக ஒரு குறி. பதினைந்து வருஷம் அவர் கண்ணை மூடிக்கொண்டு விட்டெறிந்ததை அதுகள் பதின்மூன்று நாளில் ஒழுங்குபடுத்தியிருந்தன. அவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கேட்டிருந்தால்தானே சொல்ல.

"மஞ்சள் பூட்டுக்கு ரெண்டு பக்கமும் வெட்டு இருக்கற சாவிதான் உள்ள போகும்," என்றாள் டீச்சர். "அது மொத்தம் இருபத்தேழு. டேய் உண்டியல், மொனை எப்படி இருந்துச்சு?"

"ஒடஞ்சிருந்துச்சு," என்றான். கொஞ்சம் யோசித்து, "அதுல அப்பா தப்புன்னு கோடு போட்டிருந்தாரு," என்றான்.

இருபத்தேழில் முனை உடைந்தது நாலு. கோடு போட்டது ஒன்று. உண்டியலே அதை எடுத்து, குதிகாலை எக்கி, செருகி, இடதுபக்கம் அரைக்கால் திருப்பி, கொஞ்சம் பின்னால் இழுத்து, மறுபடி திருப்பினான். பூட்டு வாயைத் திறந்தது. அந்தப் பின்னால் இழுக்கிற வேலையை எட்டு வருஷத்துக்கு முன்னால் யாராவது அவருக்குச் சொல்லியிருந்தால் மூன்று கொக்கி மிச்சம்.

கூட்டம் கை தட்டியது. டெய்லர் கொஞ்சம் அதிகமாகவே தட்டினார்.

மணி ஒன்று பதினெட்டு. அவர் மனைவி வெளியே வந்தாள். உண்டியல் அடி விழும் என்று கண்ணை இறுக்கி மூடிக்கொண்டான்.

"எதுக்குடா பூட்டின?"

"பூட்டு தொங்குனா வீட்ல யாரும் இல்லன்னு நெனச்சுக்குவாங்க. தட்ட மாட்டாங்க. நீதான ஈ கூட எழுப்பக் கூடாதுன்ன."

அவள் முகத்தை அப்போதுதான் சாவிக்காரர் சரியாகப் பார்த்தார். கண்ணுக்குக் கீழே கறுப்பு இல்லை. அன்றைக்குக் கேன்காரரும் வந்திருக்கிறார், சோப்புத்தூள் பெண்ணும் வந்திருக்கிறாள். பூட்டைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள். நாலு மணி நேரம், நடுவில் ஒரு தடவை புரண்டுகூடப் படுக்காத தூக்கம். ஏழு மாதத்தில் முதல் தடவை.

அவன் தலையை ஒரு தட்டுத் தட்டிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினாள்.

சாயங்காலம் அங்கிருந்தே இரவு டியூட்டிக்குப் போவதற்கு முன்னால் போன் செய்தாள். மேட்ரன் மூஞ்சியை உற்று உற்றுப் பார்த்தாராம். என்ன சாப்பிடுகிறாய், முகம் தெளிவாக இருக்கிறதே என்று கேட்டாராம். பெயர் பட்டியலில் இருக்கிறது.

"அப்பாடா," என்றார் அவர். "நான்தான் பாத்துக்கறேன்னு சொன்னேன்ல."



"சொன்னீங்க," என்றாள். "நாளையிலிருந்து தினமும் அதே பூட்டப் போட்டுட்டுப் போங்க. ஜன்னல் வழியா கைய விட்டா பூட்டு எட்டும், நான் பாத்துட்டேன். எனக்கு ஒரு சாவி மட்டும் வெட்டிக் கொடுங்க. தலகாணிக்கு அடியில வச்சுக்கறேன்."

மறுநாள் காலையில் அந்தப் பூட்டையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனதும் முதல் வேலையாகத் தான் தப்பாக வெட்டின சாவியை அளவாக வைத்துப் புதுச் சாவி ஒன்று வெட்ட உட்கார்ந்தார். இவ்வளவு கவனமாக அவர் எந்தச் சாவியையும் வெட்டினதில்லை. மூன்று பிள்ளைகளும் சுற்றி நின்றன. டெய்லரும் காஜா எடுப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். மெஷின் நின்றது. ஊதி, துடைத்து, பூட்டில் செருகி, உண்டியல் செய்த மாதிரியே கொஞ்சம் பின்னால் இழுத்துத் திருப்பினார்.

திறக்கவில்லை.

உண்டியல் கையை நீட்டி அந்தச் சாவியை வாங்கினான். நிதானமாக அதில் ஒரு கோடு போட்டு, டின்னுக்குள் போட்டான்.

"இன்னொண்ணு வெட்டுங்கப்பா," என்றான். "லீவு இன்னும் இருக்குல்ல."